டென் ட்வென்டி டூவா, மார்லின் அறுபதா?

அமெரிக்காவில் முதல் தடவையா ஒரு .22 ரைஃபிள் வாங்கலாம்னு கிளம்புற பல பேர் கடைசியில் ரெண்டு பேர்கிட்டதான் வந்து நிப்பாங்க. ஒண்ணு ரூகர் 10/22. வாயால சொல்லும்போது டென் ட்வென்டி டூ. இன்னொண்ணு மார்லின் மாடல் 60. ஒரு காலத்தில் ஸ்ப்ளெண்டரா பாக்ஸரான்னு நம்ம ஊர் டீக்கடையில் மண்டையை உடைச்சுக்கிட்ட மாதிரி, இங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலா இந்த ரெண்டை வெச்சு அடிச்சுக்கிட்டு இருக்காங்க.

சமீபத்தில் ஆபீஸ்ல கூட ஆணி புடுங்குற நம்ம ஊர்க்காரர் ஒருத்தரும் இதே கேள்வியோட வந்தார். வீட்டில் அஞ்சு வயசுப் பையன். தங்கமணி ஒருவழியா 'ரேஞ்சுக்கு மட்டும்தான்'னு ஒத்துக்கிட்டாங்களாம். எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே நாலு பேரைக் கேட்டு வெச்சிருந்தார். நாலு பேரும் ஒரே பதில்தான் சொல்லியிருக்காங்க. "ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ரூகரே வாங்கு. பார்ட்ஸ் கொட்டிக் கிடக்கு, இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்."

பதிலோட எனக்குச் சண்டை இல்லை. நானும் ரூகர்தான் சொல்வேன். சண்டை எல்லாம் அந்தக் காரணத்தோடதான். அந்தக் காரணத்தை நம்பி வாங்கினவங்க அடுத்த ஆறு மாசத்தில் என்ன பண்றாங்கன்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதைப் பின்னால சொல்றேன்.

என்.சி.சி.யில் இருந்தவங்களுக்கு .22 புதுசு இல்லை. தரையில் குப்புறப் படுத்துக்கிட்டு, 25 மீட்டர் தள்ளி இருக்கிற தாளைப் பார்த்து அஞ்சு ரவுண்டு சுட்டிருப்பீங்க. அது ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால இழுத்துத் தள்ளுற ரகம். இங்கே பேசுற ரெண்டும் செமி ஆட்டோமேட்டிக். ட்ரிகரை அழுத்தினா ஒரு குண்டு போகும், காலி கேஸ் வெளியே எகிறும், அடுத்த தோட்டா தானா ஏறிக்கும். மறுபடி சுடணும்னா ட்ரிகரை விட்டுட்டு மறுபடி அழுத்தணும். உள்ளே நடக்கிற சமாச்சாரமும் எளிமைதான். ப்ளோபேக்னு சொல்வாங்க. போல்ட் எதிலேயும் பூட்டிக்கிறது கிடையாது. தன்னோட எடையாலும் பின்னால இருக்கிற ஸ்பிரிங்காலும்தான் சேம்பரை மூடிக்கிட்டு நிக்குது. சுட்டதும் காலி கேஸே அதைப் பின்னால தள்ளிவிட்டுடும். .22 மாதிரி சின்னத் தோட்டாவுக்கு அது போதும்.

உதை கிட்டத்தட்ட இல்லை. சத்தமும் கம்மி (அதுக்காகக் காதை மூடாம சுடாதீங்க). ஒரு தோட்டா பத்து சென்ட்டுக்கு முன்னே பின்னே. மான் வேட்டைக்குத் தூக்கிட்டுப் போற பெரிய ரைஃபிள்ல ஒரே ஒரு தடவை சுடுற காசுக்கு இதுல ஒரு மேகசினையே காலி பண்ணிடலாம். கத்துக்கிறவனுக்கு வேற என்ன வேணும்?

ரெண்டு கம்பெனியுமே கனெக்டிகட் மாநிலத்தில் பொறந்ததுதான். மார்லின் 1870-ல், ரூகர் 1949-ல். மாடல் 60 சந்தைக்கு வந்தது 1960. 10/22 வந்தது 1964. முன்னது ஒரு கோடிக்கு மேல வித்திருக்கு, பின்னது 50 லட்சத்தைத் தாண்டி வித்திருக்கு. அப்புறம் நடந்ததுதான் சினிமாக் கதை. 2007-ல் மார்லினை வாங்குறதா ரெமிங்டன் அறிவிச்சது. 2011-ல் நார்த் ஹேவனில் இருந்த மார்லின் தொழிற்சாலை மூடப்பட்டது. 2020-ல் ரெமிங்டனே திவாலாச்சு. சொத்தை எல்லாம் பிரிச்சு ஏலம் விட்டப்போ மார்லினை எடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? சாட்சாத் ரூகரேதான். பங்காளி வீட்டைப் பங்காளியே ஏலத்தில் எடுத்த மாதிரி :-) எடுத்த கையோட மார்லினுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த லீவர் ரைஃபிள்களுக்குத்தான் முதல்ல உயிர் கொடுத்தாங்க. அதனால கடைகள்ல இன்னைக்குக் கண்ணில் படுற மாடல் 60-கள் பெரும்பாலும் யாரோ ஒரு தாத்தா வெச்சிருந்த செகண்ட் ஹேண்ட்தான்.

செகண்ட் ஹேண்டுன்னதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். மார்லின் நல்ல துப்பாக்கி. சொல்லப்போனா ரொம்ப நல்ல துப்பாக்கி. பேரலுக்குள்ள குண்டைச் சுழல வைக்கிற வரிப்பள்ளங்கள் ரூகர்ல ஆறு. மார்லின்ல பதினாறு, ஆழம் கம்மியா. மைக்ரோ க்ரூவ்னு பேர் வெச்சு விளம்பரம் பண்ணினாங்க. விளம்பரத்தை விடுங்க, கடையில் இருந்து வந்தபடியே, எதையும் தொடாம, ஒரு பழைய மார்லினையும் ஒரு சாதா 10/22-வையும் ஒரே பெட்டித் தோட்டாவில் 50 கெஜத்தில் சுட்டுப் பார்த்தப்போ, எனக்கு மார்லின் தாளில்தான் ஓட்டைகள் நெருக்கமா விழுந்தது. பெட்டியை மாத்தினா வித்தியாசம் குறைஞ்சுடுது. இன்னொரு பெட்டியில் தலைகீழாவும் ஆச்சு. .22-ல் இது சகஜம். ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும், மாமியார் மருமகள் மாதிரி காரணமெல்லாம் கேட்கக்கூடாது.

ட்ரிகரும் அப்படித்தான். 10/22-வோட ட்ரிகர் கம்பெனியில் இருந்து வரும்போது கனமா, சொரசொரன்னு இருக்கும். பழைய மார்லின் ட்ரிகர்கள் பழகிப்போய் வழவழன்னு இருக்கிறதைப் பார்த்திருக்கேன். இன்னொரு நல்ல விஷயம், 80-களின் நடுவில் இருந்து வந்த மார்லின்கள்ல கடைசித் தோட்டா போனதும் போல்ட் பின்னாலேயே நின்னுடும். தீர்ந்துபோச்சுன்னு பார்த்ததும் தெரியும். 10/22-ல் அந்த வசதி இல்லை. காலி சேம்பர் மேலேயே போல்ட் மூடிக்கும், நீங்க அடுத்த தடவை அழுத்தி 'க்ளிக்'னு கேட்டாதான் தெரியும். 1964-ல் வந்த டிசைன். இவ்வளவு வருஷத்தில் இதைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கலை. எங்க ப்ராஜெக்ட்ல கஸ்டமர் பத்து ரிலீஸா கேட்டுக்கிட்டே இருக்கிற ஒரு விஷயத்தை 'அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்'னு தள்ளுற மாதிரிதான்.

அப்புறம் ஏன்யா ரூகர்னு கேக்குறீங்களா? மேகசின்.

மார்லின் 60-ல் தோட்டா இருக்கிறது பேரலுக்குக் கீழே அதே நீளத்துக்கு ஓடுற ஒரு குழாயில். ஆரம்பத்தில் 17 தோட்டா பிடிச்சது, பின்னால வந்ததில் 14. குழாய்க்குள்ள இன்னொரு மெல்லிசான பித்தளைக் குழாய், அதுக்குள்ள ஸ்பிரிங். லோடு பண்ண, உள்குழாயை முனைப்பக்கம் திருகி இழுக்கணும். பக்கவாட்டில் தோட்டா வடிவத்தில் ஒரு துளை தெரியும். அதுல ஒவ்வொண்ணா போட்டு, உள்குழாயைத் தள்ளி, திருகிப் பூட்டணும். இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, குழாயின் பிடி இருக்கிறது துப்பாக்கியோட வாய்க்குப் பக்கத்தில். ஒவ்வொரு தடவை லோடு பண்ணும்போதும் கை அங்கேதான் போகுது. பழகினவங்க போல்ட்டைத் திறந்து சேம்பரைப் பார்த்துட்டு, முனையை உடம்புல இருந்து தள்ளி வெச்சுக்கிட்டுத்தான் செய்வாங்க. புதுசா வந்தவங்க துப்பாக்கியை நெஞ்சோட சாய்ச்சு வெச்சுக்கிட்டு, முனையை எட்டிப் பார்த்துக்கிட்டே தோட்டா போடுறதை ரேஞ்சில் நானே பார்த்திருக்கேன். அடிவயிறு கலங்கிடும்.

ரெண்டாவது, காலி பண்றது. எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். ரேஞ்சில் நடுநடுவே 'சீஸ்ஃபயர்'னு கத்துவாங்க. எல்லாரும் சுடுறதை நிறுத்தி, துப்பாக்கியைக் காலி பண்ணி, போல்ட்டைத் திறந்து, மேஜையில் வெச்சுட்டுப் பின்னால தள்ளி நிக்கணும். அப்புறம்தான் தாள் மாத்த முன்னால நடந்து போவாங்க. அதாவது உங்க துப்பாக்கி காலின்னு நீங்க சொன்னதை நம்பி, பத்துப் பேர் அதோட வாய்க்கு முன்னால நடக்குறாங்க.

10/22-ல் இதுக்கு ரெண்டே வேலை. மேகசினை உருவி மேஜையில் வைக்கணும், போல்ட்டை இழுத்துத் திறந்து சேம்பரைப் பார்க்கணும். மேகசின் பத்துத் தோட்டா பிடிக்கிற ஒரு சின்ன டப்பா, உள்ளங்கையில் அடங்கும். உள்ளே தோட்டாக்கள் வட்டமா சுத்தி உட்கார்ந்திருக்கும், அடியில் நீட்டிக்கிட்டு இருக்காது. அது வெளியே இருக்கா உள்ளே இருக்கான்னு பத்தடி தள்ளி நிக்கிறவருக்கும் தெரியும்.

மார்லின்ல? பத்து ரவுண்டு போட்டு ஆறு சுட்டிருக்கீங்க, சீஸ்ஃபயர். மீதி நாலும் குழாயில் இருந்து வரிசையா வந்துக்கிட்டு இருக்கு. ஒண்ணு சேம்பர்ல. ஒண்ணு குழாய்க்கும் சேம்பருக்கும் நடுவுல, தூக்கி விடுற பாகத்தில் உட்கார்ந்திருக்கும். மீதி குழாயில். உள்குழாயை உருவி, முனையைக் கீழே சாய்ச்சு, தோட்டாக்களைக் கொட்டணும். அப்புறம் போல்ட்டை நாலஞ்சு தடவை இழுத்து விடணும். அப்புறமும் விரலை விட்டு, கண்ணால பார்த்து உறுதி பண்ணிக்கணும். அழுக்கான குழாய்ல ஒரு தோட்டா ஒட்டிக்கிட்டு, 'எல்லாம் கொட்டிட்டேன்'னு நினைச்சதுக்கு அப்புறம் மெதுவா இறங்கி வரும். வெளியே இருந்து பார்த்தா குழாயில் எத்தனை இருக்குன்னு எந்தக் குறியும் கிடையாது. மொத்தத்தில் ரூகர்ல 'மேகசின் எங்கே'ங்கிற கேள்விக்கு ஒரே பார்வையில் பதில். மார்லின்ல நம்பிக்கை, ஞாபக சக்தி, பொறுமை மூணும் வேணும். முதல் வருஷத்தில் ஒரு மனுஷனுக்கு இந்த மூணும் ஒண்ணா இருக்காது.

'அனுபவம் உள்ளவன் எதையும் சரிபார்ப்பான்யா, எங்க தாத்தா அம்பது வருஷம் மார்லின் வெச்சிருந்தார்'னு இங்கே ஒரு பெரியவர் எங்கிட்ட வாதாடினார். வாஸ்தவம். அவர் தாத்தா வீட்டில் நாலு தலைமுறையா துப்பாக்கி இருந்தது. ஆறு வயசுல இருந்து அப்பா பக்கத்தில் நின்னு கத்துக்கிட்டவங்க அவங்க. நம்மாளு இருபத்தெட்டு வயசுல பொட்டி தட்டிட்டு, சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் ரேஞ்சுக்கு வர்றவர். ரெண்டு பேருக்கும் ஒரே அறிவுரை செல்லாது.

ரூகர்லயும் ஒரு கண்ணி இருக்கு, மறைக்க விரும்பலை. மேகசினை உருவிட்டா காலின்னு மனசு தானா நினைச்சுக்கும். சேம்பர்ல ஒரு தோட்டா நிக்கலாம், மேகசின் இல்லாமலேயே அது சுடும். போல்ட்டைத் திறந்து வைக்கிற சின்ன நெம்புகோல் ட்ரிகர் கார்டுக்கு முன்னால இருக்கு, அதைப் பழகறதுக்குள்ள விரல் நொந்துடும். ஆனாலும் சோம்பேறித்தனமா செஞ்சாக்கூட மிஞ்சுறது ஒரு தோட்டாதான். அதுவும் போல்ட்டை ஒரு தடவை இழுத்தா வெளியே வந்து விழுந்துடும்.

இதே கணக்கு வீட்டுக்குள்ள இன்னும் கடுமையாகுது. அஞ்சு வயசுப் பையன் இருக்கிற வீடு. ரூகர் பெட்டியோட ஒரு கேபிள் பூட்டு வருது. காலி கேஸ் எகிறுற துவாரம் வழியா விட்டு, கீழே மேகசின் போற குழி வழியா வெளியே எடுத்துப் பூட்டிட்டா, போல்ட் மூடாது, மேகசினும் ஏறாது. தூரத்துல இருந்து பார்த்தாலே பூட்டியிருக்குன்னு தெரியும். மார்லின்ல அடியில் அப்படி ஒரு குழியே இல்லாததால அந்தக் கேபிளை இப்படிக் கோக்க வழியில்லை, ட்ரிகர் பூட்டு மாதிரி வேற ஏதாவது தேடணும். எதுவா இருந்தாலும் அதுக்கு மேல ஒரு இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. துப்பாக்கி பட்ஜெட்ல இந்தப் பெட்டியோட விலையைச் சேர்க்காம யாராவது 'இவ்வளவுதான் ஆகும்'னு சொன்னா நம்பாதீங்க. .22-தானே, பொம்மை மாதிரின்னும் சிலர் பேசுவாங்க. தோட்டாப் பெட்டி மேலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்துன்னு எச்சரிக்கை போட்டு வித்திருக்காங்க. இன்னொண்ணு, குண்டு ஈயம். ரேஞ்சில் இருந்து வந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவாம பிள்ளையைத் தூக்கக் கூடாது.

சரி, பார்ட்ஸ் விஷயத்துக்கு வர்றேன். 10/22-க்கு உலகத்தில் இல்லாத உபரி பாகம் கிடையாது. பேரல் ரெண்டு ஸ்க்ரூவில் கழண்டு வரும், ட்ரிகர் தொகுதி ரெண்டு பின்னைத் தட்டினா கையில் வந்துடும். அதனால ஒவ்வொரு பாகத்துக்கும் இருபது கம்பெனி மாற்று தயாரிக்குது. நம்ம ஆளுங்களுக்கு இது அல்வா மாதிரி. வேலை செய்யற கோடை ரீஃபாக்டர் பண்றேன்னு உட்கார்ற அதே கை. முதல் மாசம் ட்ரிகர். ரெண்டாம் மாசம் தடிமனான பேரல். மூணாம் மாசம், கட்டைவிரல் நுழையற ஓட்டை வெச்ச ஸ்டாக். அஞ்சாம் மாசம் பார்த்தா அதுல ஒரிஜினலா மிஞ்சியிருக்கிறது சீரியல் நம்பர் மட்டும்தான். துப்பாக்கி விலையைப் போல ரெண்டு மடங்கு செலவு. சுட்டது மொத்தமே முந்நூறு ரவுண்டு. இப்போ சிக்குது, தோட்டா ஏற மாட்டேங்குது, எந்தப் பாகத்தால சிக்குதுன்னு கண்டுபிடிக்க முடியலை. ஒரே நேரத்தில் நாலு மாற்றத்தை ப்ரொடக்ஷனுக்கு அனுப்பினா எந்த மாற்றம் சிஸ்டத்தைக் கவுத்துச்சுன்னு எப்படித் தெரியும்?

கணக்கு போட்டுப் பாருங்க. ட்ரிகர், பேரல், ஸ்டாக் எல்லாம் சேர்த்து 400 டாலர்னு வைங்க. தோட்டா பத்து சென்ட்னா அது 4,000 ரவுண்டு. வாரம் நூறு ரவுண்டு சுட்டாலும் முக்கால் வருஷம் ஓடும். நாலாயிரம் ரவுண்டு ஒழுங்கா சுட்டவன் கையில் சாதா 10/22 கொடுத்து, முந்நூறு ரவுண்டு சுட்டவன் கையில் நானூறு டாலர் அலங்காரத்தோட இன்னொண்ணைக் கொடுத்து, 50 கெஜத்தில் நிக்க வைங்க. யார் மேல பந்தயம் கட்டுவீங்க?

பார்ட்ஸ் நிறையக் கிடைக்கிறதால ஒரு உருப்படியான பலனும் இருக்கு. அதை யாரும் சொல்றதில்லை. ஏதாவது உடைஞ்சா சரி பண்ணிக்கலாம். இருபது வருஷம் கழிச்சு எக்ஸ்ட்ராக்டர் தேய்ஞ்சாலும் புதுசு கிடைக்கும். மேகசின் தொலைஞ்சா இருபது டாலருக்கு முன்னே பின்னே இன்னொண்ணு வாங்கிக்கலாம். மார்லினுக்கும் பாகங்கள் கிடைக்குது, ஆனா தேடணும், எந்த வருஷத்து மாடல்னு பார்க்கணும். அதோட உள்பாகங்களைப் பிரிச்சா பொடிப்பொடி ஸ்பிரிங்கும் க்ளிப்பும் எகிறி சோபாவுக்கு அடியில் ஓடும். 10/22-வைப் பிரிக்கிறது சுலபம், போல்ட்டைத் திரும்ப உள்ளே மாட்டும்போது மட்டும் முதல் ரெண்டு தடவை கெட்ட வார்த்தை வரும். இன்னொரு குறை, ரிசீவரோட பின்பக்கம் ஓட்டை இல்லாததால சாதா 10/22-வில் பேரலை முனையில் இருந்துதான் குச்சி விட்டுத் துடைக்கணும். மார்லினும் அதே கதைதான்.

வீட்டுப் பயிற்சி இன்னொரு காரணம். தோட்டா இல்லாம, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக் குறிவெச்சு, ட்ரிகரை மட்டும் நிதானமா அழுத்திப் பழகறது. ட்ரை ஃபயர்னு சொல்வாங்க. முனை அசையாம க்ளிக் ஆகுதான்னு பார்த்துக்கிட்டே இருந்தா, காசே செலவில்லாம பாதி வித்தை வந்துடும். பல .22-களில் இதைச் செய்யக் கூடாது, ஏன்னா ஃபயரிங் பின் போய் சேம்பர் விளிம்பை இடிச்சுப் பள்ளம் போட்டுடும். 10/22-ல் செய்யலாம்னு ரூகரோட கையேடே சொல்லுது. மார்லின்ல வேண்டாம்ங்கிறதுதான் பொதுவான அறிவுரை. இதுக்கு முன்னாடியும் தோட்டாக்களை வேற ரூம்ல வெச்சுட்டு, ரெண்டு தடவை சேம்பரைப் பார்க்கணும். ரூகர்ல அது சுலபம்னு மேலேயே சொல்லிட்டேன்.

அதனால நான் அவருக்குச் சொன்னது இதுதான். மரக்கட்டை ஸ்டாக் போட்ட, பதினெட்டரை இன்ச் பேரல் வெச்ச சாதா கார்பைன். கை நீளம் கம்மியா இருந்தாலோ, தங்கமணியும் சுடப்போறாங்கன்னாலோ, ஸ்டாக் குட்டையா வர்ற காம்பாக்ட் மாடலைத் தோளில் வெச்சுப் பார்க்கணும். ரெண்டு மேகசின் கூடுதலா. மூணு நாலு விதமான 40 கிரெய்ன் தோட்டாவில் ஆளுக்கொரு பெட்டி. முதல் ரெண்டாயிரம் ரவுண்டு வரை ஸ்க்ரூடிரைவரை அலமாரியில் வெச்சுப் பூட்டிடணும். அதுக்கப்புறமும் ஏதாவது மாத்தியே ஆகணும்னா கம்பெனி கொடுக்கிற குறிக்கண்ணியை மாத்தலாம், எனக்கும் அது பிடிக்கலை.

ஆனா ஒண்ணு. பக்கத்து வீட்டுப் பெரியவர் இடம் மாறும்போது 'இந்தா, வெச்சுக்கோ'ன்னு ஒரு பழைய மார்லினைக் கொடுத்தா (மாநிலச் சட்டம் அனுமதிச்சா) வேண்டாம்னு சொல்லிடாதீங்க. அதுலயும் கிளென்ஃபீல்டுன்னு பேர் போட்டு, கைப்பிடியில் அணில் படம் அச்சடிச்சது கிடைச்சா அதிர்ஷ்டம்தான். கடைகளுக்காக மலிவு விலையில் மார்லின் அடிச்ச பேர் அது. உள்குழாய் வளையாம நேரா இருக்கா, அதோட பூட்டு ஒழுங்கா பிடிக்குதா, பேரல் முனை நசுங்கியிருக்கா, இது மூணையும் பார்த்துட்டு எடுத்துக்கலாம். ரெண்டாவது ரைஃபிளா, காலி பண்றது பழக்கமாகி கை தானா செய்ய ஆரம்பிச்சதுக்கு அப்புறம், மார்லினோட ஒரு சாயங்காலம் செலவு பண்றது தனி சுகம். ஒவ்வொரு தோட்டாவா குழாயில் போடுறதுக்கு ஆகுற நேரத்துல மனசு அடங்கிடும்.

எடிசன் பக்கம் இருக்கிறவங்க மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க. நியூ ஜெர்ஸியில் 1990-ல் வந்த சட்டம், பதினஞ்சு தோட்டாவுக்கு மேல பிடிக்கிற நிரந்தர மேகசின் வெச்ச செமி ஆட்டோ ரைஃபிளை எல்லாம் தடை பண்ணின பட்டியலில் சேர்த்தது. அணிலைச் சுடுற அந்தப் பழைய 17 தோட்டா மார்லினும் அதில் மாட்டிக்கிச்சு. அப்புறம் 2018-ல் சட்டம் மாறினப்போ குழாய் வெச்ச .22-களுக்கு விலக்கு கொடுத்தாங்க. மாநிலத்துக்கு மாநிலம் இப்படித்தான், உங்க மாநிலத்தில் என்னன்னு வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க. கடைக்காரர் சொன்னார்ங்கிறது கோர்ட்ல நிக்காது.

கடைசியா, இதுதான் முதல்ல பார்க்க வேண்டிய விஷயம்னும் சொல்லலாம். ஹெச்-1பி மாதிரி நான்-இமிக்ரன்ட் விசாவில் இருக்கிறவங்க பொதுவா துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சுக்கவே கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் சொல்லுது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிக்கிறதும் அதில் அடக்கம். செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு. அதனால வேட்டைக்கே போகாதவங்களும் முதல்ல அந்த லைசென்ஸை எடுக்குறாங்க. அதுக்குப் பல மாநிலங்களில் ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு கேட்பாங்க. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்னைக்கோ அதுக்கப்புறமோ பொறந்தவங்களுக்கு அது கட்டாயம். க்ரீன் கார்டு வரிசையில் நிக்கும்போது இதில் சின்னச் சிக்கல் வந்தாலும் என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை. நம்மாளு இப்போ வகுப்புக்குப் பதிவு பண்ணியிருக்கார். ரைஃபிள் வாங்க இன்னும் ரெண்டு மாசம் ஆகும். இரும்புப் பெட்டி மட்டும் போன வாரமே வந்து இறங்கிடுச்சாம். தங்கமணி இப்போதைக்கு அதுல நகையை வெச்சுப் பூட்டியிருக்காங்க :-)